பதினான்காம் படம்

முப்பது வருஷமாக அடுத்தவர்களுடைய பயத்தில் பிழைப்பு நடத்துகிறவன் நான். பல் டாக்டர். ஊசியைக் கண்டதும் குழந்தை மாதிரி முழிக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்து முகமூடிக்குள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த அன்று அதே முழி என் முகத்தில் இருந்ததாக என் மனைவி சொன்னாள். "வலிக்கவே வலிக்காதுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நான் தினமும் சொல்கிற வசனத்தை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்மன் ஒரு புத்தகத்துக்காக வந்தது. என் பைத்தியம் ஊரறிந்த ஒன்று. பழங்குடி மக்களைப் படம் பிடித்து வெளியிட்ட ஆரம்ப காலப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறேன். பிலிமுக்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாகக் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு மலையேறிய காலத்துப் புத்தகங்கள். அப்போது புகைப்படத்தை அச்சில் ஏற்றத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிரதியிலும் நிஜப் புகைப்படத்தையே கையால் ஒட்டியிருப்பார்கள். கீழே ஒரு வரி விளக்கம் மட்டும் அச்சாகியிருக்கும். நூற்றைம்பது வருஷத்தில் பசை காய்ந்து படம் உதிர்ந்துவிடும், இல்லாவிட்டால் எவனாவது கழற்றிக்கொண்டு போயிருப்பான். ஒரு படமும் குறையாத பிரதி என்றால் எங்கள் கூட்டத்தில் ஆளாளுக்குத் தூக்கம் போய்விடும்.

என்னிடம் இருப்பது நாற்பது படங்கள் கொண்ட புத்தகம். உலகத்தில் தெரிந்தவரை நாலே பிரதிகள்தான். மற்ற மூன்றிலும் அங்கங்கே படங்கள் இல்லை, பதினான்காம் படம் ஒன்றிலுமே இல்லை. என் பிரதியிலும் அது ஒன்று மட்டும் இல்லாமல்தான் இருந்தது. பதினான்காம் பக்கத்தில் செவ்வகமாகப் பழுப்புப் பசைத்தடம், அதன் கீழே "ஏரியின் வடகரையில், தன் வீட்டு வாசலில் ஒருவன்" என்ற வரி. அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பழைய பேப்பர் வியாபாரியிடம் இந்தப் புத்தகத்துப் படங்களை எடுத்த அதே படக்காரரின் உதிரிப் படங்கள் ஒரு கவரில் கிடைத்தன. அதில் ஒன்றில் ஒரு ஆள் வாசலில் நின்றான். எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். தடத்தில் அச்சு அசலாகப் பொருந்தியது. அந்தப் படக்காரர் எல்லாப் படத்தையும் ஒரே அளவில்தான் வெட்டுவார், ஆகவே பொருந்தியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். படத்தின் பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. எடுத்த இடத்தைக் குறித்துவைப்பது அவர் பழக்கம். நான் அதைப் படிக்கவில்லை. படித்தால் வேறு இடமாக இருந்து தொலைக்குமோ என்றுதான் படிக்கவில்லை. ஒட்டிய படத்தின் மூலையை நெம்பிப் பார்க்கிற ஆட்கள் எங்களில் உண்டு என்பதால் ரப்பரால் சுத்தமாக அழித்தேன். பிறகு ஒட்டினேன். சும்மா இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. சேகரிப்பாளர் சங்கப் பத்திரிகையில், முழுமையான ஒரே பிரதி என்னுடையதுதான் என்று ஒரு கட்டுரை வேறு எழுதினேன்.

அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு நாள் வக்கீல் ஒருவரும் நர்ஸ் ஒருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நர்ஸுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புத்தகத்தில் சொன்ன அதே ஏரிக்கரையில் பிறந்தவர். வடகரையில் அவருடைய ஆட்கள் எண்பது வீடுகளில் இருக்கிறார்கள். வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலையை ஒரு கல் குவாரிக் கம்பெனி கேட்கிறது. நீங்கள் இந்தக் கரைக்காரர்களே இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு முன் கூலி வேலைக்கு வந்தவர்கள், காலி செய்யுங்கள் என்பது கம்பெனியின் வாதம். அது பொய் என்று காட்ட நர்ஸின் ஆட்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்று வக்கீல் சொன்னார்.

புத்தகத்தை எடுத்து வந்து, கையுறை கொடுத்து, பதினான்காம் பக்கத்தைத் திறந்தேன். பெருமையாகத்தான் திறந்தேன். நர்ஸ் குனிந்து பார்த்தார். பிறகு அந்த ஆளின் கீழ் உதட்டுக்கு அடியில் இருந்த மூன்று புள்ளிகளைக் காட்டினார். தன் ஆட்கள் மட்டும்தான் இந்த இடத்தில் இப்படிப் பச்சை குத்துவார்கள், தன் அப்பாவுக்கும் இருந்தது என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அவற்றைப் பூஞ்சைப் புள்ளிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுவதற்கு முன் ஈரப் பஞ்சால் துடைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். போகவில்லையே என்று எரிச்சல்பட்டது ஞாபகம் வந்தது. அந்த ஆளுக்கு இடது தாடையில் சீழ் கட்டியிருக்கிறது என்பதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்தவன், அதற்கு அரை அங்குலம் தள்ளி இருந்ததை அழுக்கு என்று நினைத்திருக்கிறேன்.

வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது. முகத்தில் மூன்று புள்ளி, கீழே அச்சில் வடகரை, நூற்றைம்பது வருஷத்துப் புத்தகம். இதைவிட என்ன வேண்டும்? எனக்குத்தான் உறுத்தியது. படத்தில் இருப்பவன் அவர்களுடைய ஆள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வாசலில் நிற்கிறான்? ஏரிக்கரையிலா, கம்பெனிக்காரன் சொல்கிற அதே பள்ளத்தாக்கிலா? பின்னால் தெரிவது கலங்கலாக ஒரு மலைச்சரிவு. அது எந்த மலையாகவும் இருக்கலாம். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஒரு பென்சில் வரியை நான் அழித்துவிட்டிருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். சங்கத்தில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன், திறக்கவில்லை.

சம்மன் வந்த பிறகு நான் நானாக இல்லை. கோர்ட்டில் கேட்கப்போவது ஒரே கேள்வி என்று வக்கீல் சொல்லியிருந்தார். இந்தப் பிரதி வெளிவந்தபோது இருந்தபடியே இருக்கிறதா? ஆமாம் என்றால் பொய்ச்சாட்சி. கம்பெனி ஒரு நிபுணரைக் கூட்டிவந்து மூலையை நெம்பினால் என் பசை புதுசு என்பது தெரிந்துவிடும், மானம் கப்பலேறிவிடும், ஜெயில்கூட உண்டு. இல்லை என்றால் எண்பது வீடும் போய்விடும். ஒரு அம்மாவுக்கு மேல் பல்லுக்குப் பதிலாகக் கீழ்ப் பல்லில் ஊசி போட்டுவிட்டு, அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். "ஊர்ல எல்லாரையும் ஆன்னு வாயைத் திறக்கச் சொல்றீங்க, நீங்க மட்டும் திறக்க மாட்டேங்கறீங்களே" என்றாள் என் மனைவி. அவளிடம்கூட நான் சொல்லவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் கிளினிக்கைச் சாத்திவிட்டுப் படத்தைக் கழற்றினேன். அழித்த இடத்தில் ஒரு எழுத்தாவது மிச்சம் இருக்காதா என்ற நப்பாசை. கெட்டிலில் வெந்நீர் கொதிக்கவைத்து, ஆவியில் பக்கத்தைக் காட்டி, பல் அடைக்கிற சிமென்ட்டைக் குழைக்கும் மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்தேன். கடைவாய்ப் பல்லின் வேரைத் துண்டு துண்டாக எடுத்த கைக்கு இந்தக் காகிதம் பிடிபடவில்லை. ஒரு மூலை கிழிந்தது. முழுசாகக் கழன்று வந்ததும் திருப்பிப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்கிறவன் என்று எனக்குப் பெயர்.

வக்கீலுக்குப் போன் போடத் தைரியம் வரவில்லை. நர்ஸுக்குப் போட்டேன். டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்தார். வரவேற்பறையில் யாராவது வந்துவிடுவார்களோ என்று உள்ளே கூப்பிட்டேன். உள்ளே நோயாளி நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் உட்கார்ந்தார். கருவிகள் வைக்கிற தட்டில் அந்தப் படம் தனியாகக் கிடந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கவர், ரப்பர், பசை, கட்டுரை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல என் பயம் வடிந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், அப்படி ஒரு பெருமூச்சு விட்டு மாதக்கணக்காகிறது. திட்டட்டும், அழட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவர் திட்டவில்லை. படத்தைக்கூடத் தொடவில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியாது, சிஸ்டர். என் வீட்ல கூடத் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அதை ஒரு மரியாதை போலத்தான் சொன்னேன்.

"அப்ப ஏன் டாக்டர் எங்கிட்ட சொன்னீங்க?"

எனக்குப் புரியவில்லை. மனசாட்சி என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"நாளைக்கு உங்களுக்கு அப்புறம் நான் கூண்டுல ஏறணும். இது வடகரைதான்னு சத்தியம் பண்ணணும். இன்னிக்குக் காலைல கேட்டிருந்தாங்கன்னா சொல்லியிருப்பேன். அது பொய்யில்ல, நான் நிஜமாவே நம்பினேன். இப்ப எனக்கும் தெரியும்."

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். உதட்டில் ரத்தமே இல்லை. மடியில் இருந்த ஒரு கையை இன்னொரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. இத்தனை நாளாக நான் சுமந்துகொண்டிருந்ததை அப்படியே அவர் மடியில் இறக்கிவைத்துவிட்டேன் என்பது உறைத்தது. எனக்கு அது ஒரு சாட்சியம், ஒரு பெயர், மிஞ்சிப்போனால் ஒரு தண்டனை. அவருக்கு எண்பது வீடு.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்று மணி நோயாளியாக இருக்கும். நாங்கள் இருவரும் அசையவில்லை. தட்டிவிட்டுப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்கிற சத்தம் கேட்டது.

"நான் என்ன சொல்லட்டும், டாக்டர்?" என்றார்.

அதே கேள்வியைக் கேட்கத்தான் நான் அவரைக் கூப்பிட்டிருந்தேன்.