குழியில் விட்ட இரண்டு பந்துகள்

புரூக்ளினில் 1961-ல் நுன்சியோவை மூன்று பேர் விலா எலும்பு நொறுங்க அடித்தார்கள். பந்தை உருட்டிப் பின்களைச் சாய்க்கும் பௌலிங் பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்றான் என்று குற்றச்சாட்டு. உண்மையில் தோற்றுக்கொடுத்தவன் அவனோடு ஜோடி சேர்ந்து ஆடிய கீகன். எதிரணிமேல் ரகசியமாகப் பணம் கட்டிவிட்டு, பழியைத் தூக்கி நுன்சியோ தலையில் போட்டான்.

அதன்பின் நுன்சியோவை எந்தப் பௌலிங் கூடத்திலும் யாரும் ஆட்டத்துக்குச் சேர்க்கவில்லை. இரண்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். ஒவ்வொரு மூட்டையையும் கீகன் தலையில் போடுவதாக நினைத்தே இறக்கினான்.

ஒரு ஞாயிறு மதியம் பழைய பௌலிங் கூடத்துக்குள் நுழைந்து கீகன் எதிரில் நின்றான்.

"என்னடா நுன்சி, விலா கூடிடுச்சா?" என்றான் கீகன்.

"கூடிடுச்சு. ஒரே ஆட்டம், அம்பது டாலர். இப்பவே வர்றியா, இல்ல பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வர்றியா?"

கூட்டம் ஊளையிட்டது. அன்று பந்தயத்தில் பணம் போன கோபத்தில் விலாவை உடைக்கச் சொன்ன மீன் வியாபாரி பாட்சி, கீகன்மேல் ஆயிரம் கட்டினார். எல்லோரும் அவர் பக்கமே சாய்ந்தார்கள். நுன்சியோமேல் பணம் கட்டியவன் ஒரே ஒருவன், ரஸ். அவன் கீகனின் மச்சான் என்பது அங்கே வேறு யாருக்கும் தெரியாது. கீகன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற நுன்சியோவுக்குத் தெரியும்.

மச்சான் கையால் பணம் கட்டிவிட்டுத் தோற்கப் போகிறான்; திருடன் பழைய வேலையை மறுபடி காட்டுகிறான்! ஜெயிக்க வந்த நுன்சியோ அங்கேயே மனசை மாற்றிக்கொண்டான்.

கடைசிக் கட்டங்களில் கீகன் சுலபமான பின்களைத் தவறவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்தான். நுன்சியோவுக்குக் கடைசி இரண்டு பந்து பாக்கி. ஆறு பின் விழுந்தால் வெற்றி. கண்ணைக் கட்டிவிட்டாலும் எட்டைச் சாய்ப்பான்.

முதல் பந்தை ஓரக் குழியில் விட்டான்; ஒரு பின்கூட விழவில்லை.

"டேய், என்னடா பண்ற?" கீகனின் குரல் நடுங்கியது.

"உன்ன ஜெயிக்க வைக்கிறேன்டா."

இரண்டாவதும் குழிக்குள் போனது.

பாட்சி ஓடிவந்து கீகனைக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சவன் மூஞ்சி ஏன்டா இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"என்மேல பந்தயம் கட்டுனானே ரஸ், அவன் இவனோட மச்சான், அண்ணே," என்றான் நுன்சியோ. "அன்னிக்கித் தோத்துக் குடுத்ததும் இவன்தான். கேட்டுப் பாருங்க."

வாசலை நோக்கி நழுவிய ரஸ்ஸை இருவர் பிடித்தார்கள். ஒரு அறை விழுவதற்குள் அவன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். பாட்சி கீகனின் தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லை.

"நுன்சி, என்னை விட்டுடச் சொல்லுடா... நாம பழைய சிநேகிதங்கடா," என்று கெஞ்சினான் கீகன்.

நுன்சியோ தோற்ற ஐம்பது டாலரை மேசையில் வைத்தான். போய்விடலாம் என்று நினைத்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கீகன் நன்றாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.