மத்தியான வேளை மருந்து

ஹாஜிரா பீக்கு எதையும் வீணாக்கினால் பொறுக்காது. சோறு வடித்த கஞ்சியைக்கூட யோசித்துத்தான் கொட்டுவாள். அப்படிப்பட்டவள் டாக்டர் கொடுத்த மருந்தையா விட்டுவிடுவாள்?

புருஷன் கரீமுல்லாவுக்கு ஒரு மாதமாக விடாத இருமல். சைதாப்பேட்டைக் கடைத்தெரு டாக்டர் சீசா நிறைய மருந்து கொடுத்து, அதன் பக்கவாட்டில் அளவுக்காகப் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருந்தார். ஒரு பல் ஒரு வேளை. நாளுக்கு மூன்று வேளை. இரண்டு நாளில் காலி சீசாவோடு வர வேண்டும். ஆனால் அது ரமலான் மாதம். நோன்பு வைத்த மனிதர் முதல் நாள் ராத்திரி ஒரு வேளையும் விடியுமுன் ஒரு வேளையும் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மத்தியான வேளை சீசாவிலேயே நின்றது.

மூன்று வயது ஷகீலாவும் இருமிக்கொண்டிருந்தாள். அதே இருமல்தானே என்று ஹாஜிரா பீ ஒரு பல் அளவு ஊற்றிப் புகட்டினாள். சற்று நேரத்தில் இருமல் அடங்கி, குழந்தை தூங்கிப்போனது. இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வீட்டு ஜைதூன் பீயின் ஆறு மாதக் குழந்தையும் இருமுகிறதே என்று, இன்னொரு பல் அளவைக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"டாக்டரு மருந்துடீ. புள்ள முழிச்சதும் குடு."

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது ஷகீலாவை எழுப்பினாள். எழவில்லை. உலுக்கினாள். தலை தொங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமா என்று இவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குழந்தையையும் சீசாவையும் வாரிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள்.

டாக்டர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன குடுத்தே?"

"ஒண்ணியும் குடுக்கல டாக்டரய்யா." பயத்தில் வாய் தானாகப் பொய் சொன்னது.

"மறைச்சா புள்ள கைவிட்டுப் போயிடும்."

"அவுரு மருந்து... ஒரு பல்லு..."

"இதுல அபின் இருக்கும்மா! பெரிய ஆம்பளைக்கு அளந்து குடுத்தது. யாரைக் கேட்டுப் புகட்டினே?"

குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். உள்ளங்காலைத் தட்டித் தட்டிச் சிவக்க வைத்தார். ஹாஜிரா பீக்கு மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் ஷகீலா முகத்தைச் சுளித்தாள். பிறகு வீறிட்டு அழுதாள். போன உயிர் தாய்க்குத் திரும்பி வந்தது.

டாக்டர் சீசாவை எடுத்துப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் எத்தனை வேளை குடிச்சார்?"

"ரெண்டு."

"குழந்தைக்கு ஒண்ணு. இன்னொண்ணு குறையுதே, எங்கே?"

ஹாஜிரா பீ ஷகீலாவை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். யா அல்லா, அந்தக் குழந்தை இன்னும் விழித்திருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே ஓடினாள்.

ஜைதூன் பீ வாசலில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் சிரித்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாக்கா. நாலு நாளா சரியா கண்ணு மூடாத புள்ள, இன்னாமா தூங்கிக்கினு கீறான் பாரு. ஒரு இருமலு இல்ல."