துள்ளாத புழு

டுரினிலிருந்து வந்த மாப்பிள்ளை ரெனாட்டோவுக்கு எங்கள் சார்டீனியாவில் எதைக் கண்டாலும் அருவருப்பு. பேரனின் ஞானஸ்நானத்துக்குக் கடல் தாண்டி வந்திருந்த அவனுடைய உறவுக்கூட்டம் அவனுக்கும் மேல். அவர்கள் முகம் கோணுவதைப் பார்க்கவே என் புழுச் சீஸை எடுத்துவைத்திருந்தேன். ஆட்டுப்பால் சீஸ் அது. உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும், தொட்டால் எகிறிக் குதிக்கும். குதிக்கிறவரைக்கும்தான் தின்னலாம். அடங்கிவிட்டால் பன்றிக்குக்கூடப் போடமாட்டோம்.

மாலையில் ஒயின் பிடிக்க நிலவறைக்கு இறங்கினேன். மாப்பிள்ளை காலி ஜாடியோடு பின்னாலேயே வந்தான்.

"என்ன துரை, புழு பயம் போயிருச்சா?"

"போங்க மாமா, சும்மா மிரட்டிட்டீங்க. ருசியாத்தான் இருந்துச்சு."

அலமாரியில் விரித்திருந்த காகிதத்தின்மேல் பாதிச் சீஸ்தான் இருந்தது. ரொட்டியில் கொஞ்சம் தடவி வாயருகே கொண்டுபோனேன். கை அப்படியே நின்றுவிட்டது. புழுக்கள் துள்ளிக் காகிதத்தில் தூறல்போல் விழும் சத்தம் கேட்கவில்லை. விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"யார்யா இதத் தொட்டது?"

"நான்தான் மாமா. காலைல இங்க ஒரே ஈ. அதான் பூச்சி மருந்தடிச்சேன்."

"மீதி எங்க?"

"மேல, எங்க ஆளுங்களுக்கு வச்சேன். முதல்ல மூஞ்சியச் சுளிச்சாங்க. ஒரு புழுகூடத் துள்ளலன்னதும் தைரியமாச் சாப்பிட்டாங்க. அம்மா ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினாங்க."

மேலே கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ஏன் மாமா சாப்பிடாம நிக்கிறீங்க?"