பெரியவர் தீம்

எங்கள் வீட்டில் ராகி கதிர் பிடித்ததிலிருந்து களத்துக்கு வந்து சேரும்வரை யானையை யானை என்று சொல்லக்கூடாது. பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடுமாம், கூப்பிட்டால் வந்துவிடுமாம். இது என் மாமனார் கரியப்பன் போட்ட சட்டம். கல்யாணமாகி வந்த புதிதில், சானமாவுக் காட்டை ஒட்டிய இந்தப் பக்கத்தில் எல்லோரும் மூன்று பாஷை பேசுகிறார்களே, கன்னடத்தில் சொன்னால் பரவாயில்லையா என்று கேட்டேன். கன்னடத்திலும் ஆனெதான், கூடாது என்றார். தெலுங்கில் ஏனுகு என்று சொல்லலாமா? கூடாது, அதுங்க ஆந்திரா வரைக்கும் போய்வருகிறவை. சரி, இங்கிலீஷ்?

"பெங்களூரு பக்கத்துலேருந்துதான வருதுங்க? இங்கிலீஷ் தெரியாமயா இருக்கும்?" என்றார். சிரிக்காமல் சொன்னார். அவர் எதையும் சிரிக்காமல்தான் சொல்வார்.

இப்படிப்பட்ட வீட்டில் என் மகள் சௌமியா தன் ஏழாவது பிறந்தநாளுக்கு யானை தீம் வேண்டும் என்றாள். பிறந்தநாள் கார்த்திகைக் கடைசியில் வருகிறது. ராகி அறுவடைக்குத் தலைசாய்த்து நிற்கிற நேரம்.

ஓசூரில் அவள் படிக்கிற பள்ளியில் தீம் இல்லாத பிறந்தநாளைப் பிறந்தநாளாகவே யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஒரு பிள்ளைக்கு விண்வெளி, ஒரு பிள்ளைக்குக் கடல்கன்னி. ஒரு பிள்ளைக்கு வெறும் மஞ்சள் கலர், அவ்வளவுதான் தீம். போன வருஷம் நாங்களும் விடாமல் பட்டாம்பூச்சி தீம் வைத்தோம். அந்த வாரம் பார்த்து காட்டில் யானைக்கூட்டம் வந்து இறங்கி, டிவியிலும் காட்டிவிட்டார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பின் ஒருவராகக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. சௌமியா முதுகில் காகிதச் சிறகைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை கேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டபோது, "டிராஃபிக்கா இருக்கும்மா" என்றாள். எங்கள் தெருவில் டிராஃபிக் என்றால் இரண்டு மாடு.

அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. என் பிள்ளையை யாராவது யானைக்குப் பக்கத்தில் கூப்பிட்டால் நானும் அனுப்ப மாட்டேன்.

இந்த வருஷம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். யானைக்குப் பயப்படுவது பெரியவர்கள்தான், பிள்ளைகள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பில் போய், "எங்க வீட்டுக்கு வந்தா ஆனை இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அழுது புரண்டிருக்கிறார்கள். கூட்டம் இன்னும் தூரத்தில் தளி பக்கம்தான் இருக்கிறது, பகலிலேயே விருந்து, பகலிலேயே வேனில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று நான் குழுவில் சத்தியம் செய்யாத குறையாக எழுதினேன். பன்னிரண்டு பிள்ளைகள் வருவதாக முடிவானது.

"அம்மா, கண்டிப்பா இருக்கும்ல? நான் சொல்லிட்டன்" என்று தினமும் கேட்டாள். போன வருஷம் யாரும் வராத வீடு. இந்த வருஷம் வந்து பார்த்து யானை இல்லையென்றால், பொய்க்காரி என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். பத்தாவது வரை அந்தப் பள்ளியில்தான் அவள் படித்தாக வேண்டும்.

மாமனார் இரண்டு நாள் சாப்பாட்டை வயலுக்கே கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார். "படம் வெச்சிக்கங்க. பேரை மட்டும் யாரும் வாயெடுத்துச் சொல்லக்கூடாது." இந்த மட்டும் இறங்கி வந்தாரே என்று நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். ஷிப்ட் நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். அதனால் அலங்காரத்துக்கு ஆர்டர் கொடுக்கிற வேலையை என் கணவர் முனிராஜிடம் விட்டேன். அவர் லீவு போட்டுவிட்டு வயல் காவலில் இருந்தார். பாகலூர் ரோட்டில் பலூன் அலங்காரம் செய்கிற பிரதாப் என்கிற பையனுக்கு வயலிலிருந்தே போன் போட்டார். பக்கத்தில் அவருடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் பின்னால் கணவரையும் பிரதாப்பையும் தனித்தனியாக நிற்கவைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"தீம் என்னா சார்?"

"பெரியவரு."

பிரதாப் கொஞ்சம் யோசித்திருக்கிறான். "பாப்பா பர்த்டேக்கு பெரியவரா சார்?"

"ஆமாப்பா. அவளுக்கு அவருன்னா உசுரு."

"ஆயித்து சார். எப்டி இருக்கணும், சொல்லுங்க."

"பத்தடிக்குக் கொறையக்கூடாது. காது மொறமாட்டம் இருக்கணும். பல்லு ரெண்டு வெளிய தெரியணும்."

"கார்ட்டூன் மாதிரி பண்ணிடலாம். கலரு?"

"சேத்துல பொரண்டு எழுந்தா என்னா கலரோ, அது."

"விவசாயிங்களா சார்?"

"விவசாயத்துலதான் எப்பவும் நிப்பாரு."

"கை?"

"கை ஒன்னுதான? நல்லா நீளமா போட்டுடு."

தும்பிக்கையை எங்கள் வீட்டில் கை என்றுதான் சொல்வோம். பிரதாப் இந்த இடத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு கை இல்லாத பெரியவரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தானாம். நல்ல இடத்துப் பையன்.

"தனியாவா சார், இல்ல ஃபேமிலியா?"

"கூட்டமா இருந்தாதான் அழகு. குட்டிங்க நெறய வெச்சிடு. வர்ற பசங்களுக்கு மாஸ்க்கும் அதே மூஞ்சிதான்."

"ஒரு போட்டோ அனுப்பிடுங்க சார்."

அனுப்புகிறேன் என்றவர் மறந்துபோனார். பிரதாப் காத்திருந்து பார்த்துவிட்டு, என் கணவரின் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக இருந்த போட்டோவை எடுத்துக்கொண்டான். அதில் என் மாமனார் தலையில் துண்டு கட்டி, ராகிக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரதாப்பின் டெம்போ வந்து நின்றபோது நான் அடுப்படியில் பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆணி அடிக்கிற சத்தமும் பலூன் ஊதுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். பத்தடி உயரத்தில் என் மாமனார் நின்றார். முறம் போல இரண்டு காது. கட்அவுட் முழுக்கச் சேற்று நிறம். வாயிலிருந்து இரண்டு பல் மோவாய்வரை இறங்கியிருந்தது. இடது கை இல்லை. வலது கை தோளிலிருந்து புறப்பட்டு, பலூன் வளைவைச் சுற்றிக்கொண்டு கேட்டுவரை போயிருந்தது. அவர் காலடியில் அதே முகத்தோடு குட்டி குட்டியாக எட்டு மாமனார்கள். கேக்கின்மேல் ஒரு மாமனார். மேலே "சௌமியாவுக்கு வயது 7" என்று எழுதியிருந்தது.

"என்னாப்பா இது?" என்றேன்.

"சார் சொன்னமாதிரியே பண்ணிட்டேன் மேடம். இப்பல்லாம் ஃபேமிலி தீம்தான் போகுது. போன மாசம் ஒரு வீட்ல அவங்க நாய் தீம் பண்ணேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பலூனைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவரை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. பாதி தெலுங்கில் திட்டினேன்.

மாமனார் வயலிலிருந்து வந்தார். தன்னைத் தானே மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவருக்கும் இருப்பது இரண்டு பல்தான். "பல்லு சரியா இருக்குது" என்றார். பிறகு, "இன்னொரு கை எங்க?" என்று கேட்டார்.

சௌமியா புது கவுன் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பார்த்தாள். அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அம்மா, வேனைத் திருப்பி அனுப்பிடலாமா?" என்று கேட்டாள்.

வேன் வந்துவிட்டது. நான் தடுப்பதற்குள் பிரதாப் பொறுப்பாகப் போய், இறங்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மாஸ்க்கை மாட்டிவிட்டான். பன்னிரண்டு கரியப்பன்கள் வரிசையாகக் கேட்டுக்குள் வந்தார்கள். முன்னால் வந்த கரியப்பன் மாஸ்க்கைத் தூக்கினான். ஹரீஷ்குமார் என்கிற பையன். வகுப்பில் அவன் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள் என்று சௌமியா சொல்லியிருக்கிறாள்.

"யானை எங்க?" என்றான்.

சௌமியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ யானை இருக்கும்னு சொன்னல்ல? இது தாத்தா."

பின்னாலிருந்த கரியப்பன்களும் மாஸ்க்கைத் தூக்கத் தொடங்கினார்கள். "யானை இல்லையா?" "யானை இல்லியாம்டா." ஒவ்வொரு தடவை அந்தப் பெயர் கேட்கும்போதும் என் மாமனார் முகத்தைச் சுளித்தார். காட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேத்தியைப் பார்த்தார். அவள் புதுச் செருப்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். குனிந்தார். வலது கையை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து தூக்கினார். பிளிறினார்.

நான் வேண்டாத தெய்வம் இல்லை, அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கக்கூடாதென்று. கொல்லையில் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தியிருக்கிறேன். அதே சத்தம் எழுபத்தொரு வயசு மனுஷரின் தொண்டையிலிருந்து வந்தது. மூன்று கொல்லை தள்ளி யாரோ விரட்டுவதற்குப் பட்டாசு கொளுத்திப் போட்டார்கள். யாரோ தகரத்தைத் தட்டினார்கள். விருந்துக்குப் பட்டாசும் உண்டு என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். ஊரின் யானை எச்சரிக்கைக் குழுவில், "கரியப்பன் வீட்டுக்கிட்ட ஒத்தை ஆண், ஜாக்கிரதை" என்று செய்தி வந்ததாகப் பிறகு தெரிந்தது.

மாமனார் நிறுத்தவில்லை. ஆடி ஆடி நடந்தார். பலூன் வளைவுக்குள் நுழைந்து அதை இழுத்துப் போட்டார். வாசலில் கட்டியிருந்த வாழைத்தாரிலிருந்து ஒரு சீப்பைக் கையால் சுழற்றிப் பறித்தார். ஹரீஷ்குமாரின் தொப்பியை எடுத்துக் கூரைமேல் எறிந்தார். அவன் வாய் பிளந்து பார்த்துவிட்டு மாஸ்க்கை இறக்கிக்கொண்டு, மூக்குக்கு முன் கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். மற்ற குட்டிகளும் போயின. சௌமியா ஓடிப்போய் எல்லோருக்கும் முன்னால், தாத்தாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் வீட்டைச் சுற்றியது. மாட்டுத் தொட்டியில் தண்ணீரை வாரி இறைத்தது. பிறகு பின்பக்கம் திரும்பியது.

"அப்பா, ராகி!" என்று என் கணவர் கத்தினார்.

அவர் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். கதிர் பிடித்த நாளிலிருந்து தூங்காமல் காத்த கொல்லை. ஒரு கணம் நின்றார். "குட்டிங்களுக்குப் பசிக்குதுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே இறங்கினார். பன்னிரண்டு கரியப்பன்களும் சௌமியாவும் பிளிறிக்கொண்டே அவர் பின்னால் இறங்கினார்கள்.

வேன் திரும்பிப் போனபிறகு மாமனார் வரப்பில் நின்று பார்த்தார். வீட்டை ஒட்டிய மூலை பாய் விரித்தாற்போலப் படுத்துக் கிடந்தது. கூட்டம் வந்துபோன மறுநாள் காலையில் எப்படி ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். "பெரியவரு வந்தாக்கூட இவ்ளோ ஆவாது" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. முழங்காலுக்குத் தைலம் மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

பிள்ளைகள் தலையெல்லாம் கதிரும் சேறுமாகப் போயிருக்கிறார்கள், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹரீஷ்குமாரின் அம்மா சுஜாதா போன் செய்தார். கேன்டீன் மூலைக்குப் போய், திட்டு வாங்கத் தயாராக எடுத்தேன்.

"ஹரீஷுக்கு அடுத்த மாசம் பர்த்டேங்க. என்ன தீம்னு கேட்டா, தாத்தா தீம்ங்கறான்."

"அவங்க தாத்தா இருக்காருங்களா?"

"இருக்காரு. ஆனா அவரு சேரைவிட்டு எந்திரிக்கவே மாட்டாருங்க. அதான், உங்க மாமனாரை ஒரு ரெண்டு மணி நேரம் அனுப்ப முடியுமான்னு..."

தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சுதாரித்துக்கொண்டேன். "அவரு பேத்திய விட்டுட்டு எங்கியும் வரமாட்டாருங்க" என்றேன். பச்சைப் பொய். அவர் கெலமங்கலம் சந்தைக்குக்கூடத் தனியாகத்தான் போவார்.

"அட, சௌமியா இல்லாமலா? இவன் நேத்துலேருந்து அவ பக்கத்துலதான் உக்காருறானாம். மிஸ் இடத்தை மாத்தச் சொன்னா, குட்டிங்க சேர்ந்துதான் இருக்கும்னு சொல்லியிருக்கான். அவ இல்லாம கேக் வெட்டமாட்டான்."

வருகிறோம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். மேஜைக்குத் திரும்பி வந்து தட்டைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள் என்னாச்சுக்கா என்றாள். சாம்பார் காரம் என்றேன். எங்கள் கேன்டீன் சாம்பாரில் காரம் இருந்ததாக அங்கே ஒருவரும் நம்பவில்லை.