இரண்டு நிறம்

தல்லஸ் வீட்டு விருந்துக்கு நிக்கோன் போகாத மாதமில்லை. ஒரே எஜமானுக்கு அடிமைகளாக இருந்து புத்தேயோலித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் இருவரும். காடியில் தண்ணீர் கலந்து ஒரே மண்சட்டியில் குடிப்பார்கள். தல்லஸ் பாதி குடித்துவிட்டு, வாய் படாத பக்கத்தைத் திருப்பி நீட்டுவான். விடுதலையானபின் தல்லஸ் கப்பல் வாங்கினான். நிக்கோன் கயிறு திரித்தான். மற்றதெல்லாம் மாறினாலும் நட்பு மாறவில்லை என்றுதான் நிக்கோன் நினைத்திருந்தான்.

இன்று வழக்கமான வெண்கலக் கிண்ணங்களைக் காணோம். அவற்றின் இடத்தில் நிறமே இல்லாத கண்ணாடிக் கிண்ணங்கள்.

"சீதோன் ஊர்க்காரன் செஞ்சது. வெறும் மூச்ச ஊதியே செஞ்சிருக்கான்டா!" என்றான் தல்லஸ்.

"நீ ஊதுறதெல்லாம் இப்படிக் கெட்டியானா ஊர்ல கண்ணாடிக்குப் பஞ்சமே வராது" என்றான் நிக்கோன்.

கடைசி மஞ்சத்தில் சாய்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தல்லஸை அண்டிப் பிழைக்கிறவர்கள் அவர்கள். தல்லஸும் சிரித்தான்.

பணிப்பெண் மிர்ட்டிஸ் மதுவை ஊற்றிக்கொண்டு போனாள். மேற்கு வாசல் வழியாக வெயில் சாய்வாக விழுந்தது. நிக்கோன் கிண்ணத்தை உயர்த்திப் பார்த்தான். வெங்காயத் தோல்போல மெல்லிசு. தல்லஸின் கிண்ணத்தைக் கடந்த வெயில் அவன் மஞ்சத்தின் வெள்ளைத் துணியில் தேன் நிறத்தில் கிடந்தது. நிக்கோனின் மடியில் விழுந்ததோ கலங்கிய சிவப்பு.

வெயில்தான் ஏமாற்றுகிறது என்று முதலில் நினைத்தான். கடைசி மஞ்சத்தைப் பார்த்தான். அங்கேயும் அதே கலங்கல்தான். மூலையில் இரண்டு ஜாடிகள் இருந்தன. எப்போதும் இரண்டுதான் இருந்தன. ஏன் இரண்டு என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. வெண்கலத்தில் மதுவின் நிறம் தெரிந்ததுமில்லை.

'உன் வீட்டு மது மாதிரி எங்கயும் கெடைக்காதுடா' என்று மாதந்தோறும் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் தல்லஸ் சிரிப்பான். அதை அடக்கம் என்று எண்ணியிருந்தான்.

நிக்கோன் நிமிர்ந்தான். தல்லஸும் அந்தச் சிவப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிர்ட்டிஸ்! நிக்கோனுக்கு எத ஊத்தியிருக்க? ஜாடிய மாத்திட்டியாடி? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

 அவள் குவளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். விருந்து முடிந்ததும் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பது நிக்கோனின் முதுகுக்கே தெரியும். அவன் சும்மா இருந்தால் போதும். கிண்ணத்துக்குத் தேன் நிறம் வந்துவிடும். எல்லாம் ஒரு பணிப்பெண்ணின் தவறாகிவிடும். அவனும் பழைய நண்பனாகவே வீட்டுக்குப் போகலாம்.

"அவள ஏன்டா வையிற?" என்றான். "நான்தான் கேட்டேன். வயிறு சரியில்ல. எனக்கு இதுவே போதும்னு."

தல்லஸ் அவனையே பார்த்தான். மிர்ட்டிஸ் அப்படியே பின்வாங்கிச் சுவரோரம் நின்றுகொண்டாள். யாரோ ஒலிவக் கொட்டையைத் தட்டில் போடும் சத்தம் கேட்டது.

தல்லஸ் தன் கிண்ணத்தை எடுத்துப் பாதி குடித்தான். பிறகு, வாய் படாத பக்கத்தைத் திருப்பி நீட்டினான். துணியில் அந்தத் தேன் நிறம் நடுங்கியது.

 நிக்கோனின் கை பாதி தூரம் எழுந்து நின்றுவிட்டது.

"வயிறு சரியில்லன்னு இப்பத்தானேடா சொன்னேன்" என்றான்.

தன் கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். தல்லஸின் கை நீட்டியபடியே இருந்தது.