பீரோ சாவியும் ஒரு மூச்சும்

கல்லறுப்பவரின் பழைய நுரையீரல்களை எடுத்துத் தட்டில் போட்டபோது ‘ணங்’கென்று சத்தம் வந்தது. அதில் ஒன்றை மெருகேற்றி, காகிதம் பறக்காமலிருக்கப் பெரிய டாக்டர் மேஜைமேல் வைத்திருக்கிறார். தொட்டுப் பார்த்தவர்கள் கலப்படமில்லாத கருங்கல் என்கிறார்கள். தண்ணீர் விட்டு அறுத்தால் கல்லின் நிறம் தெரியாது என்று கல்லறுப்பவரின் பட்டறையில் எல்லோரும் காய்ந்த கல்லையே அறுத்தார்கள். தூசி உள்ளே போய்ப் படிந்து, கடைசியில் செருப்பு மாட்டவே அவருக்கு ஒரு மதியம் பிடித்தது.

புது நுரையீரல்கள் பேண்டு கோஷ்டியில் ட்ரம்பெட் ஊதியவருடையவை. மனைவி கேட்ட ஏதோ கேள்விக்குப் பதில் சொல்ல மூச்சை இழுத்தவர், தலைக்குள் நரம்பு வெடித்து அப்படியே சாய்ந்துவிட்டார். மெஷின் கொடுத்த காற்றெல்லாம் அந்த மூச்சைச் சுற்றிக்கொண்டு போய் வந்ததே தவிர, அது வெளியே வரவில்லை. டாக்டர்கள் அவசரத்தில் அதையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

ஆகவே கல்லறுப்பவர் மிதந்தார். மனைவி அவரைக் கட்டில் காலோடு கயிற்றால் கட்டிவைத்தார். சாயங்காலமானால் ஜன்னல் பக்கம் இழுக்கும். உதடு நீலம் பாயும். “உடம்பு ஏத்துக்கிச்சும்மா. நுரையீரல்தான் உடம்பை ஏத்துக்கல. அந்த மூச்சு சீக்கிரம் வெளிய வரலைன்னா ஆள் தேறமாட்டாரு” என்றார் டாக்டர்.

“என்னமோ சொல்ல வருது. என்னன்னுதான் தெரியல” என்றார் கல்லறுப்பவர், விட்டத்திலிருந்து.

“கட்டிக்கிட்ட நாள்லேருந்து உங்களுக்கு இதே கதைதான்” என்று சொல்லி, மனைவி கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் இழுத்த பக்கமெல்லாம் இவர் நடந்தார். “கரண்டு கம்பி, குனிங்க!” என்று அவ்வப்போது குரல் கொடுத்தார். முச்சந்தியில் போலீஸ்காரர், இடது பக்கமாகப் பறக்கச் சொன்னதோடு சரி.

கயிறு ஒரு தையற்காரி வீட்டு வாசலில் தொய்ந்தது. அந்த அம்மா ட்ரம்பெட்காரரின் மனைவி. அவர் போன நாளிலிருந்து இரண்டே புடவைகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். பீரோவை உடைக்கச் சொன்னவர்களிடம், கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

“இவருக்கு வெச்ச நுரையீரல் இந்த வீட்டுக்கே இழுக்குதுங்க” என்றார் கல்லறுப்பவரின் மனைவி.

தையற்காரி நிலைப்படி உயரத்தில் நின்ற அந்த நெஞ்சையே பார்த்தார். பிறகு, அன்றைக்குக் கேட்டதையே கேட்டார்.

“பீரோ சாவியை எங்க வெச்சீங்க?”

“மாவு டின்னுக்குள்ளடி. உன் கண்ணு முன்னாடிதானே இருக்கு!”

சொன்ன வேகத்தில் கல்லறுப்பவர் தொப்பென்று தரையில் விழுந்தார். உதட்டில் சிவப்பு ஏறியது. தையற்காரி மாவு டின்னுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். “இதைச் சொல்ல இவ்வளவு நாளா?” என்று நுரையீரலைத் திட்டினார். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மாவு.

இப்போதும் கண்ணாடியோ கத்திரிக்கோலோ காணோமென்றால் தையற்காரி நேராக இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். கல்லறுப்பவர் மூச்சை இழுத்து, ஒரு சாண் எழும்பி, இடத்தைச் சொல்லிவிட்டு இறங்குவார். குடை விஷயத்தில் மட்டும் ஒருமுறை தப்பிப்போனது. அந்தக் கயிற்றை மனைவி மாடியில் கொடியாகக் கட்டிவிட்டார். துணி நன்றாகக் காய்கிறது.