நாற்பத்திரண்டு பேர் கணக்கு

அன்று வந்திருந்தவர்கள்: பாண்டிமீனா, அன்னக்கொடி, மலையம்மாள், மொக்கையன், பேச்சிமுத்து, இன்னும் இருபத்தைந்து பேர். எல்லோரும் பேரையூர்ப் பக்கம். இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர். ஆக நாற்பத்திரண்டு.

சமயநல்லூரில் எங்களுடையது பிளாஸ்டிக் பைப் கம்பெனி. ஆறு மெஷினில் இரண்டுதான் ஓடும். கம்பெனியின் பங்குகளைச் சந்தையில் விற்பதற்கு முன், மும்பையிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அதற்காகத்தான் வேன். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், நீல டி-ஷர்ட், மதியம் பிரியாணி. யாராவது கேட்டால் இரண்டு வருஷமாக இங்கே வேலை பார்ப்பதாகச் சொல்ல வேண்டும். எல்லோரிடமும் ஆதார் நகல் வாங்கிப் பி.எஃப். எண் போட்டவன் நான். கால் சென்டர் இரவு வேலையைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு வேறு யார் மேஜை கொடுப்பார்கள்?

"பங்குப் பணம் வந்ததும் ஆறு மெஷினும் ஓடும். உங்க எல்லாருக்கும் வேலை" என்றார் முதலாளி.

பாண்டிமீனா அதை நம்பினாள். சும்மா நிற்கச் சொன்ன இடத்தில், மாலைக்குள் எண்ணூறு பைப்புக்கு மூடி மாட்டிவிட்டாள். அதிகாரி அவளைப் படம் எடுத்தார். பங்கு விற்பதற்காக அச்சடித்த கம்பெனி புத்தகத்தில் அந்தப் படம் வந்தது.

பங்கு நாற்பது ரூபாய்க்கு வந்தது. அக்கா நகையை அடகு வைத்து மூவாயிரம் பங்கு வாங்கினேன். இப்போது நூற்று முப்பது. காளவாசல் டீக்கடையில்கூட அதைச் சொல்லி, மதுரை வளர்ந்துவிட்டது என்கிறார்கள். புது மெஷின் ஒன்றும் வரவில்லை. முதலாளி சென்னையில் வீடு வாங்கினார். ஓடிய இரண்டு மெஷினில் ஒன்று நின்றுவிட்டது.

போன வாரம் பாண்டிமீனா வந்தாள். சேலைக்கு மேல் அதே நீல டி-ஷர்ட்.

"அண்ணே, திருமங்கலத்துல ஒரு மில்லுல வேலை கெடைச்சிருக்கு. நான் ஏற்கெனவே இங்க வேலை பாக்குறேன்னு கம்ப்யூட்டர் காட்டுதாம். விலகிட்டேன்னு ஒரு லெட்டர் குடுங்க."

"நீதான் இங்க வேலையே பாக்கலையே."

"அதத்தான் நானும் சொன்னேன். புக்குல உன் படமே இருக்கேன்னு சிரிக்கிறாங்க."

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"ஒருத்திக்குக் குடுத்தா முப்பது பேரும் வந்து நிப்பாங்க மாப்ள. அடுத்த வாரம் அரையாண்டு அறிக்கை. நாப்பத்திரண்டு பேர் பன்னெண்டுன்னு போனா பங்கு எங்க போய் விழும்? உன் மூவாயிரத்தையும் நெனச்சுக்க."

நினைத்தேன். கம்பெனிப் பெயர் அச்சடித்த தாள் மேஜையில் இருந்தது. முத்திரை இழுப்பறையில் இருந்தது. எழுத மூன்று நிமிஷம் ஆகும்.

"அடுத்த மாசம் வா பாப்போம்" என்றேன்.

"ஒண்ணாந்தேதி சேரலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

மேஜையிலிருந்த தாளை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

"அப்ப இங்கயே வேலை குடுங்க. எம் பேருதான் இருக்குல்ல."

"ஓடுறது ஒரு மெஷின்தான்."

"எம்புட்டு மூடி மாட்டுனேன் அன்னிக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாரேண்ணே."

போனில் விலை பார்த்தேன். நூற்று முப்பத்திரண்டு. அவள் படியிறங்கியதும் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினேன்.